வாசற்படியிலிருந்து ஒரு விண்ணப்பம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய வர்த்தக ஆணையத்து மகாகனம் பொருந்திய கமிஷனர்கள் சமூகத்துக்கு, வாஷிங்டன்.

பெரியோர்களே,

1914-ஆம் ஆண்டில் ஜனாதிபதி உட்ரோ வில்சன் கையொப்பமிட்ட சட்டத்தால் ஸ்தாபிதமாகி, வியாபாரத் தந்திரங்களிலிருந்து குடிமக்களைக் காக்கும் கைங்கரியத்தை இன்றுவரை மேற்கொண்டிருக்கும் தங்கள் ஆணையத்துக்கு, தமிழ்நாட்டுப் பத்திரப் பதிவு இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, தற்சமயம் டெக்ஸாஸ் மாநிலத்தில் மகன் வீட்டில் விருந்தாளி விசாவில் தங்கியிருக்கும் கிழவன் ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். தங்கள் தேசத்தில் எனக்கு வாக்கு இல்லை, வீடு வாசல் இல்லை, வரி செலுத்தும் பாக்கியமும் இல்லை. ஆயினும் மகனும் மருமகளும் உத்தியோகத்துக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட்ட பிறகு, பகல் வேளையில் வாசல் மணி அடித்தால் நாற்காலியை விட்டு எழுந்து போகக்கூடிய ஒரே பிராணி இவ்வீட்டில் நான்தான் ஆகையால், தங்கள் விதிகள் யாரை உத்தேசித்து இயற்றப்பட்டனவோ அவர்களில் முன்வரிசையில் நிற்பவன் என்ற ஹோதாவில் இதை எழுதத் துணிந்தேன்.

இந்நாட்டில் கோடை பிறந்துவிட்டது என்பதைக் குயில் கூவி யாரும் அறிவதில்லை. வீட்டுப் பாதுகாப்புச் சாதனங்களை விற்கும் வாலிபர்கள் தெருமுனையில் தென்படுவதைக் கொண்டு அறிகிறோம். கல்லூரிகள் மூடியதும் நிறுவனங்கள் இவர்களைத் திரட்டி, வேற்று மாநிலங்களுக்கு அனுப்பி, ஓர் அடுக்ககத்தில் நாலைந்து பேராகத் தங்கவைத்து, காலையில் வண்டியில் கொண்டுபோய்த் தெருத்தெருவாக இறக்கிவிட்டு, பொழுது சாய்ந்தபின் திரும்ப ஏற்றிக்கொண்டு போகின்றன என்றும், மாதச் சம்பளம் என்று பேருக்கு ஏதேனும் இருந்தாலும் விற்றதற்கேற்ற கமிஷனே அவர்கள் ஜீவனோபாயம் என்றும் கேள்வி. யூட்டா மாநிலம் இத்தொழிலுக்குத் தாய்வீடு. இரண்டு வருஷ காலம் அந்நிய ஊர்களில் மதப் பிரசாரம் செய்துவிட்டுத் திரும்பும் மார்மன் வாலிபர்கள், முகத்தில் அறைந்தாற்போல் சாத்தப்படும் கதவுக்கு முன்னாலும் புன்னகை மாறாமல் நிற்கப் பழகியவர்கள் என்பதால், அவர்களுக்கு இதில் விசேஷ கிராக்கியாம். மோக்ஷத்தைக் காட்டி அழைப்பதற்குப் பெற்ற பயிற்சி, திருடனைக் காட்டி அழைப்பதற்கும் உதவுகிறது என்றால், வித்தை வீண்போவதில்லை என்று பெரியோர் சொன்னது சரிதான்.

எங்கள் வாசலுக்கு வந்தவருக்கு மீசை முளைத்துச் சில வருஷங்களே ஆகியிருக்கும். கழுத்திலிருந்து ஓர் அடையாள அட்டை தொங்கியது. காற்றின் செயலோ கையின் செயலோ, அதன் எழுத்துள்ள பக்கம் அவர் மார்பைப் பார்த்தபடியும் வெள்ளைப் பக்கம் என்னைப் பார்த்தபடியும் இருந்தது. மணியை அழுத்திவிட்டு, பயப்படாதே என்று சொல்லாமற் சொல்வதுபோல நான்கடி பின்வாங்கி வீதியை நோக்கிப் பாதி திரும்பி நின்றவர், நான் கதவைத் திறந்த அடுத்த கணமே அந்த நான்கடியையும் மீட்டுக்கொண்டு, வாசல் மிதியடியில் பாதரட்சைகளை வெகு சிரத்தையாகத் துடைக்கத் தொடங்கினார். காலைத் துடைக்கிறவனை உள்ளே வா என்று சொல்லாமலிருப்பது எந்தத் தேசத்து மனுஷனுக்கும் சங்கடமான காரியம் என்பதைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுத்த அந்த அக்ஞாத குருவுக்கு என் வந்தனம். விற்பனையாளர் வரக்கூடாது என்று மகன் மாட்டியிருக்கும் பலகையை அவர் வாசித்தார். வாசித்ததோடு, பலகை நன்றாக இருக்கிறது என்று சிலாகிக்கவும் செய்தார். பிறகு, தாம் எதையும் விற்க வரவில்லை என்றும், இந்தப் பேட்டையில் சமீபத்தில் திருட்டு அதிகமாகிவிட்டது என்றும், இரண்டு வீடு தள்ளியிருப்பவர் தம் கம்பெனிச் சாதனத்தை நேற்றுத்தான் பொருத்திக்கொண்டார் என்றும், விளம்பரப் பலகை ஒன்றைப் புல்தரையில் நட்டுக்கொள்ளச் சம்மதித்தால் எங்களுக்குச் சாதனம் முழுவதும் இனாம் என்றும், ஆனால் இந்தச் சலுகை இன்று மாலையோடு சரி என்றும், மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

அப்போது சுவரிலிருந்து அசரீரி கேட்டது. வாசல் மணியிலேயே காமிரா உள்ளதால், ஆபீஸில் இருந்த என் மகன் தன் கைபேசியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “நீங்கள் யார், என்ன வேண்டும்?” என்று மணிக்குள்ளிருந்தே கேட்டான். வந்தவர் சிறிதும் கலங்கவில்லை. என்னை விட்டுவிட்டு மணியின் பக்கம் திரும்பி, அதன் கண்ணாடிக் கண்ணை மரியாதையாக நோக்கி, இந்த வீட்டில் வாசலுக்கு வருகிறவர் யார் என்று தெரிந்துகொள்ள எந்த வசதியும் இல்லாதிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அந்த மணிக்கே விளக்கலானார்.

கமிஷனர்களே, இந்த இடத்தில் தங்கள் தேசத்துச் சரித்திரத்தை எனக்குத் தெரிந்தமட்டில் சற்றே நினைவூட்ட அனுமதி வேண்டும். கதவு திறந்தால் மணி அடிக்கும்படியான மின்சாரக் கருவிக்கு 1853-இல் காப்புரிமை பெற்றவர் மாசசூசெட்ஸ் மாநிலத்து அகஸ்டஸ் போப் என்ற பாதிரியார். அதன் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் வசித்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸம்மாள், வேளைகெட்ட வேளைகளில் தனியே இருக்க நேர்ந்ததாலும், கூப்பிட்டால் போலீஸார் உடனே வந்துசேராத பேட்டையாதலாலும், எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த தம் கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து ஒரு யுக்தி செய்தார்: கதவில் உயரத்துக்கு ஒன்றாகத் துவாரங்கள், அவற்றின் பின்னே மேலும் கீழும் நகரும் காமிரா, படுக்கையறையில் ஒரு திரை, வெளியில் நிற்பவரோடு பேச ஒலிவாங்கி, ஆபத்தென்றால் காவலருக்குத் தகவல் அனுப்ப ஒரு பொத்தான். 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் அவ்விருவரும் காப்புரிமை பெற்றார்கள். இன்று வாசல் மணியில் காமிரா வைத்து விற்கும் கம்பெனிகள் எல்லாம் அந்த அம்மாளின் சந்ததி என்றே சொல்லலாம். அவர் வேண்டியதெல்லாம் ஒன்றே: முன்பின் அறியாதவன் வாசலில் நின்றால் கதவைத் திறக்காமலே அவனை இன்னான் என்று அறியவேண்டும். அந்தப் பாதுகாப்பையே தாங்கள் வாங்கவேண்டுமானால், முன்பின் அறியாதவனுக்குக் கதவைத் திறந்து, அவனைக் கூடத்தில் உட்காரவைத்து, வங்கிக் கணக்கு எண்ணையும் ஒப்புவிக்கவேண்டும் என்ற நிலைக்கு ஐம்பது வருஷத்தில் இந்த வர்த்தகம் வந்துசேர்ந்திருக்கிறது. அந்நியரை நம்பாதே என்ற உபதேசத்தை விற்க வந்த அந்நியர், தம்மை மட்டும் நம்பச் சொல்கிறார்.

மேலும், அவர் கேட்ட கேள்விகள்! வீட்டுக்கு வாசல் எத்தனை, பின்புறக் கதவு கண்ணாடியா மரமா, பகலில் வீட்டில் இருப்பது யார், நாய் உண்டா, வெளியூர்ப் பயணம் எப்போது, ஏற்கெனவே எச்சரிக்கைக் கருவி இருந்தால் அது எந்தக் கம்பெனியுடையது, அது இப்போது வேலை செய்கிறதா. ரக்ஷகன் கேட்கவேண்டிய கேள்விகளும் திருடன் கேட்கவேண்டிய கேள்விகளும் அட்சரம் பிசகாமல் ஒன்றாகவே இருப்பது இத்தொழிலின் விசேஷ லக்ஷணம். வந்தவர் திருடர் என்று நான் சொல்லவில்லை. அவர் கண்ணில் கள்ளமில்லை, களைப்புத்தான் இருந்தது, நான் கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். ஆனால் அவரைப் போலவே அட்டை தொங்கவிட்டு, அவரைப் போலவே காலைத் துடைத்து, அவரைப் போலவே கேட்கும் இன்னொருவர் நாளை வந்தால், இருவரையும் வேறுபடுத்திக் காண்பது எப்படி? டெக்ஸாஸில் இத்தொழில் செய்வோர் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையிடம் உரிமம் பெறவேண்டும் என்பது சட்டம். பல ஊர்களில் நகராட்சி அனுமதிச் சீட்டும் வேண்டும். அதைக் காட்டும்படி நான் கேட்டேன். வண்டியில் இருக்கிறது என்றார். வண்டி எங்கே என்றேன். மானேஜரிடம் இருக்கிறது என்றார்.

எங்கள் சென்னைத் தெருவில் முன்பு ஒரு கூர்க்கா இருந்தார். இரவில் விசிலை ஊதிக்கொண்டு, தடியால் மின்கம்பத்தைத் தட்டிக்கொண்டு போவார்; மாதம் பிறந்ததும் வாசலில் வந்து சலாம் வைப்பார்; கொடுத்ததை வாங்கிக்கொள்வார்; கொடுக்காவிட்டால் அடுத்த மாதமும் அதே சலாம். அவர் விசில் ஊதியதால் திருடன் ஓடினானா, அல்லது கூர்க்கா எந்த முனையில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு திருடன் மறுமுனைக்குப் போனானா என்பதை இன்றுவரை யாரும் நிச்சயித்ததில்லை. ஆனால் ஒன்று: அந்த மனுஷர் எந்நாளும் அறுபது மாத ஒப்பந்தத்தை நீட்டவில்லை.

எங்களிடம் நீட்டப்பட்டது அதுதான். காகிதமாகக்கூட அல்ல, பலகை போன்ற ஒரு கண்ணாடித் திரையில், விரலால் கையொப்பமிடவேண்டுமாம். பிறர் கையொப்பங்களுக்கும் பெருவிரல் ரேகைகளுக்கும் நடுவில் ஆயுளைக் கழித்தவன் ஆதலால், மூக்குக் கண்ணாடியை எடுத்துவந்து, சாவகாசமாக உட்கார்ந்து, ஷரத்துகளை ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தேன். அந்த வாலிபர் முகத்தில் புன்னகை முதன்முதலாகக் குன்றியது அப்போதுதான். சாதனம் இனாம் என்பது வாஸ்தவமே. கண்காணிப்புக்கு மாதாமாதம் கட்டணம், ஐந்து வருஷத்துக்கு விலக முடியாது, விலகினால் மிச்ச மாதங்களின் தொகையில் பெரும்பகுதியை ஒருமிக்கச் செலுத்தவேண்டும், தவணை முடியும்போது எழுதித் தெரிவிக்காவிட்டால் தானே புதுப்பித்துக்கொள்ளும் என்பவையும் வாஸ்தவமே. எங்கள் ஊர்ப் பக்கம் மாடு விற்றவன் கயிற்றை இனாமாகக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். கயிற்றை இனாமாகக் கொடுத்து வாங்கியவனையே கட்டிப்போடுவதை இங்கேதான் பார்த்தேன்.

இவையெல்லாம் தங்களுக்குத் தெரியாதவை அல்ல. இனாம் என்பார்கள், இன்றே முடிவு செய் என்பார்கள், பேட்டையில் திருட்டு என்று பயமுறுத்துவார்கள், உங்கள் பழைய கம்பெனியிலிருந்து கருவியை மாற்ற வந்திருக்கிறோம் என்பார்கள், பழைய கம்பெனி மூழ்கிவிட்டது, நாங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்பார்கள் என்று தாங்களே மக்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறீர்கள். அதனினும் மேலாக, வீடு தேடி வந்து விற்பதைப் பற்றி 1972-இல் இயற்றி 1974-இல் அமலுக்குக் கொண்டுவந்த தங்கள் விதியை எத்தனை புகழ்ந்தாலும் தகும். வீட்டில் வைத்து 25 டாலருக்குக் குறையாமல் வியாபாரம் நடந்தால், மூன்றாவது வேலைநாள் நள்ளிரவுவரை வாங்கியவர் காரணம் சொல்லாமல் ரத்துசெய்யலாம். சனிக்கிழமை வேலைநாளாகும், ஞாயிறும் மத்திய அரசின் விடுமுறைகளும் ஆகா. ரத்துசெய்யும் படிவத்தை இரண்டு பிரதியாக விற்பவரே கொடுக்கவேண்டும். உரிமையை வாயாலும் சொல்லவேண்டும். கையொப்பமிடும் இடத்துக்கு அருகிலேயே பத்துப் புள்ளிக்குக் குறையாத தடித்த எழுத்தில் அச்சிடவேண்டும். ரத்தானால் பத்து வேலைநாளுக்குள் பணத்தைத் திருப்பவேண்டும். இத்தனை நுணுக்கமாக ஒரு பதிவு அலுவலரும் எழுதியிருக்கமாட்டார்.

அதில் எனக்கு மிகவும் உவப்பான ஷரத்து ஒன்று உண்டு. விற்பவர் எந்தப் பாஷையில் பேசி விற்றாரோ அந்தப் பாஷையிலேயே ஒப்பந்தமும் இருக்கவேண்டும் என்பது அது. ஆகையால், இந்த நிறுவனங்களுக்கு என்னைப் போன்ற கிழவர்களின் சார்பில் ஓர் அழைப்பு விடுக்கிறேன்: அடுத்த தடவை தமிழ் பேசும் பிள்ளை ஒருவனை அனுப்புங்கள். அவன் “வணக்கம் ஐயா, சௌக்கியமா?” என்று தொடங்கி, திருட்டு பயத்தைத் தமிழில் எடுத்துரைத்து முடித்தால், அறுபது மாத ஷரத்துகளையும் நீங்கள் தமிழிலேயே அச்சிட்டுக் கொடுக்கவேண்டிவரும். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமானால், விற்பனைப் பத்திரம், அடமானப் பத்திரம், குத்தகைப் பத்திரம் அனைத்தும் எழுதத் தெரிந்த ஒருவன் பகலில் சும்மாதான் இருக்கிறான்.

அந்நியர் வாசலில் வந்து நிற்பதைப் பற்றித் தங்கள் தேசம் வெகுகாலமாகவே தர்க்கம் செய்துவந்திருக்கிறது. இரவெல்லாம் ரயிலில் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவோர் நிறைந்த கிரீன் ரிவர் என்ற வையோமிங் ஊர், அழையாமல் வந்து கதவைத் தட்டி விற்பது தொல்லை என்றும் குற்றம் என்றும் 1931-இல் விதி செய்தது. புல்லர் பிரஷ் கம்பெனி வழக்காடியும் 1933-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊரின் பக்கமே நின்றது. 1951-இல், பத்திரிகைச் சந்தா சேர்க்கப்போய் லூசியானாவில் கைதான ஜாக் பிரியர்ட் என்ற டெக்ஸாஸ்காரரின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதையே சொல்லிற்று. 2002-இல் அதே நீதிமன்றத்தில் ஒஹாயோவின் ஸ்ட்ராட்டன் என்ற சிற்றூர் தோற்றது. ஆனால் அங்கே முக்கியமாக நின்றது வேதப் பிரசாரமும் அரசியல் பேச்சும் செய்வோரின் சுதந்திரம். வேதத்தோடு வருபவர் ஆத்மாவைத்தான் கேட்கிறார். ஐந்து வருஷத் தவணை கேட்பதில்லை.

தாங்களும் சும்மா இருக்கவில்லை என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். 2021 ஏப்ரலில், யூட்டாவிலுள்ள விவின்ட் என்ற நிறுவனத்தின்மீது தாங்கள் தொடுத்த வழக்கு, 2 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்து முடிந்தது, அதில் 1.5 கோடி அபராதம், 50 லட்சம் பாதிக்கப்பட்டோருக்கு. எங்கள் வாசலுக்கு வந்தவர் யாருடைய ஆள் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஆகவே இரண்டையும் யாரும் முடிச்சுப் போடவேண்டாம். ஆனால் தாங்கள் சாட்டிய குற்றத்தின் அழகை வியக்காமல் இருக்க முடியவில்லை. வாங்க வந்தவரின் கடன் தகுதி போதாவிட்டால், அவர் பெயரையே, அல்லது அதைப் போன்ற பெயரை உடைய வேறொருவரைத் தொலைபேசி விலாசத் தொகுப்பில் தேடிப்பிடித்து, அந்த அப்பாவியின் கடன் சரித்திரத்தைக் காட்டி விற்பனையாளர் சிலர் ஒப்புதல் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. வீட்டுக்குள் எவனும் நுழையாமல் காப்பதாகச் சொன்னவர்கள், வீட்டுக்காரனின் பெயருக்குள் நுழைந்தார்கள்! இந்த யுக்தி எங்கள் ஜனங்களிடையே பரவினால் என்ன கதி என்று நினைத்துப் பார்க்கிறேன். இந்த ஒரு பேட்டையிலேயே சுப்பிரமணியன்களும் வெங்கடேசன்களும் சீனிவாசன்களும் எத்தனை பேர் என்று கோயில் அர்ச்சனைப் பட்டியலைப் பார்த்தால் தெரியும். அதிலும் தகப்பன் பெயர் எது, தன் பெயர் எது என்று இந்நாட்டுக் கணிப்பொறிகளுக்கு இன்னும் விளங்கவில்லை. ஒரு சுப்பிரமணியனின் கடனை எல்லாச் சுப்பிரமணியன்களும் அடைக்கவேண்டிவரும்.

2023 பிப்ரவரியில் வட கரோலினாவின் ஷார்லட் நகரத்து ஜூரிகள், போட்டிக் கம்பெனியான சிபிஐ செக்யூரிட்டியின் வாடிக்கையாளர்களிடம் பொய் சொல்லி வியாபாரத்தைப் பறித்தார்கள் என்று அதே விவின்ட் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்து, சுமார் 19 கோடி டாலர் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு கம்பெனிக்கு இன்னொரு கம்பெனியின் ஆட்களால் நேர்ந்த நஷ்டத்துக்கு அத்தனை பெரிய தொகை. வாசலில் நின்று ஏமாந்த கிழவிக்கு இரண்டு பிரதிப் படிவம்.

அதனால்தான் இந்த விண்ணப்பம். தங்கள் விதியின் மூன்று நாள், கையொப்பத்துக்குப் பின்னால் இருக்கிறது. கையொப்பமிட்ட அன்றே சுவரில் துளை போட்டு, கருவியைப் பொருத்தி, பலகையை நட்டு, பழைய கம்பெனிக்கு ரத்துக் கடிதமும் எழுதி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பிறகு நள்ளிரவுக்குள் தபால் போடவேண்டிய பொறுப்பு, எதற்காகக் கையெழுத்திட்டோம் என்று புரியாமல் உட்கார்ந்திருக்கும் முதியவருடையது. பத்திரப் பதிவில் வாழ்நாளைக் கழித்தவனாகச் சொல்கிறேன்: கையொப்பத்துக்குப் பின் வரும் யோசனையைவிட முன் வரும் யோசனை மலிவு. ஆகவே அந்த மூன்று நாளைத் தூக்கி முன்னால் வைத்துவிடுங்கள். அழையாமல் வந்து வீட்டுப் பாதுகாப்பை விற்பவர், உரிமத்தை எழுத்துள்ள பக்கம் தெரியும்படி காட்டி, மாதக் கட்டணம், மொத்த மாதங்கள், பெருக்கி வந்த தொகை ஆகிய மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, கையொப்பம் வாங்காமல் போகட்டும். மூன்று வேலைநாள் கழித்தும் வேண்டுமென்று தோன்றினால் வீட்டுக்காரரே அவரை அழைக்கட்டும். இன்று மாலையோடு முடிந்துபோகும் சலுகைகள் அப்போது என்ன ஆகும் என்று கம்பெனிகள் கவலைப்படலாம். உண்மையான சலுகையானால் மூன்று நாளில் கெட்டுப்போகாது.

இதைப் பரிசீலித்து, அடுத்த கோடையில் வாலிபர்களை ஏற்றிய வண்டிகள் யூட்டாவிலிருந்து புறப்படுவதற்கு முன் தக்க உத்தரவு பிறப்பிக்கும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் விதிகளை ஒரு வரி விடாமல் படித்த,
டெக்ஸாஸ் வாசி ஒருவரின் தகப்பன்.